ஒரே வீட்டில் இருவருக்குக் குரோன் நோய்

கேள்வி: எனக்கும் என் அண்ணனுக்கும் குரோன் எனப்படும் குடல் அழற்சி நோய் இருக்கிறது. அவர் மாத்திரையோடு வயல் வேலையைப் பார்க்கிறார்; எனக்கோ குடல் சுருங்கி இரண்டு முறை அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டது. ஒரே நாற்றங்கால் நாற்றுகளுக்கு ஏன் இந்த வேறுபாடு? இப்போது எனக்கு அசத்தியோபிரின் மாத்திரை தொடங்கப் போகிறார்கள். நோயின் போக்கை அறிய மரபணுப் பரிசோதனை செய்யலாமா? ஒன்பது வயது மகளுக்கும் அது வேண்டுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: உங்கள் உவமை உடன்பிறந்தோருக்குச் சரியாகப் பொருந்தாது. ஒரு ரக நெல்லின் நாற்றுகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். உங்கள் இருவருக்கும் பொதுவானவை சராசரியாகப் பாதி மரபுக்கூறுகளே. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கும்போதுகூட மற்றவருக்கு வராமல் போவது வெகு சாதாரணம்.

நோயை வரவழைக்கும் மரபுக்கூறுகளும் அதை முற்றச் செய்பவையும் ஒன்றே என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். 2001இல் கண்டறியப்பட்ட நாட்2 மரபணுவின் திரிபுகள் ஐரோப்பியரிடம் சிறுகுடலின் கடைப்பகுதியைத் தாக்கும் குரோன் நோயோடு தொடர்புடையவை. குறுகலான அந்த இடத்தில் அழற்சி ஆறி ஆறித் தழும்பு தடிப்பதால், அடைப்பும் அறுவையும் அங்கேதான் மிகுதி. அதாவது, மரபணுவுக்கு நோயின் இடத்தைத் தீர்மானிப்பதில் பங்கு உண்டு. தொல்லையின் அளவு பெரும்பாலும் அந்த இடத்தைப் பொறுத்தது. உங்கள் அண்ணனுக்குப் பெருங்குடலில் மட்டும் நோய் இருக்கிறதா என்று பழைய அறிக்கைகளைப் பார்த்துச் சொல்லுங்கள். கடுமையாக முற்றிய நோயாளிகளையும் எளிதாகக் கடந்தவர்களையும் ஒப்பிட்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வில், நோயின் போக்கோடு தொடர்புடையவையாகத் தெரிந்த நான்கு மரபணுப் பகுதிகளுள் ஃபாக்ஸோ3 ஒன்று. நோயை வரவழைப்பவையாக அறியப்பட்ட திரிபுகளுக்கு அதில் பங்கு தென்படவில்லை. அந்த நாட்2 திரிபுகளோ இந்தியரிடம் மிக அரிது. அவற்றைத் தேடும் பரிசோதனைக்குத் தரும் பணம் வீண் என்பதே என் கருத்து.

ஆனால் உங்களுக்கு ஒரு மரபணுப் பரிசோதனை அவசியம். அது நோய்க்கானதன்று, மருந்துக்கானது. நட்15 மரபணுவில் ஆசியரிடையே பரவலாக உள்ள ஒரு திரிபை உடையவர்களுக்கு, வழக்கமான அளவு அசத்தியோபிரினே வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்து, தலைமுடியையும் கொத்தாக உதிரச் செய்யும். 2014இல் கொரிய நோயாளிகளிடம் இது வெளிப்படும்வரை, ஐரோப்பியருக்குப் பொருந்தும் டிபிஎம்டி (இம்மருந்தைச் சிதைக்கும் ஒரு நொதி) பரிசோதனையையே இங்கும் நம்பியிருந்தோம். முதல் மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்; முடிவு எப்படியிருப்பினும், முதல் சில வாரங்கள் இரத்த அணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும்.

மகளுக்கு எந்தப் பரிசோதனையும் வேண்டாம். பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருக்கும் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. எடை கூடாமை, விடாத வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம் ஆகியவை தென்பட்டால் மட்டும் காட்டுங்கள். உங்களுக்குப் பீடிப் பழக்கம் உண்டா என்று எழுதவில்லை. இருந்தால் இன்றே விடுங்கள். குரோன் நோயில் மறு அறுவைக்கு இட்டுச் செல்பவற்றுள், உங்கள் கையில் இருப்பது அது.