மூப்பன் கூட்டம் போட்ட தீர்மானம் செல்லுமா?

கேள்வி: நாங்கள் மலைமேல் இருக்கும் இருளர் பதி, அதாவது குடியிருப்பு. நாற்பது வீடு. நல்லது கெட்டது எல்லாம் எங்கள் தலைவரான மூப்பன் கூட்டும் கூட்டத்தில்தான் முடிவாகும். வன உரிமை கேட்டு அப்படியொரு தீர்மானம் கொடுத்தால், 'ஊராட்சி கிராம சபைத் தீர்மானம் கொண்டு வா' என்கிறார்கள் அதிகாரிகள். அடிவாரத்தில் நடக்கும் அந்தச் சபையில் எங்கள் பேச்சு எடுபடாது. என்ன செய்வது?

பதில்: அவர்கள் சொன்னதும் சரியில்லை, உங்கள் தீர்மானமும் போதாது.

2006 வன உரிமைச் சட்டம் சொல்லும் கிராமம், ஊராட்சி எல்லையோடு ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. அரசிதழில் ஏறாத பழைய குடியிருப்பும், அளவை செய்யாத ஊரும் அதில் கிராமம்தான். அதன் வயதுவந்தோர் அனைவரும் சேர்ந்ததே கிராம சபை. ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் சுரங்கம் வரலாமா என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் கேட்கச் சொன்னதும் மலையூர்ச் சபைகளிடம்தான். பன்னிரண்டு சபைகளும் வேண்டாம் என்றன.

ஆகவே முதல் வேலை, உங்கள் பதியைத் தனிக் கிராமமாகப் பட்டியலில் ஏற்றுவது. 2012-ல் திருத்திய விதிகளில் 2ஏ இதற்கென்றே இருக்கிறது. ஊராட்சி பட்டியல் தயாரிக்க வேண்டும், உட்கோட்டக் குழு அதைத் தொகுக்க வேண்டும், மாவட்டக் குழு இறுதி செய்ய வேண்டும். விதி எண்ணைக் குறிப்பிட்டே மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். முதல் கூட்டத்தை ஊராட்சிதான் கூட்ட வேண்டும் என்பதால் தலைவரைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

அடுத்தது கொஞ்சம் கசக்கும். மூப்பனும் நாலு பெரியவர்களும் கைநாட்டு வைத்தால் அது சபை ஆகாது. உறுப்பினரில் பாதிப்பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். கோரிக்கைகளை வாங்கிச் சரிபார்க்கச் சபை தேர்ந்தெடுக்கும், பத்து முதல் பதினைந்து பேர் கொண்ட வன உரிமைக் குழுவிலும் பெண்களுக்கு அதே பங்கு. நான் பார்த்த பல கோப்புகள் இந்த இடத்தில்தான் படுத்துவிட்டன.

அதற்காக மூப்பனை ஒதுக்கிவிடாதீர்கள். அவர் பலம் சாட்சியத்தில் இருக்கிறது. உரிமை கோருபவர் அல்லாத பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் விதி 13 அதைச் சான்றாகவே ஏற்கிறது. மூதாதையர் புதைத்த இடம், சாமி இருக்கும் இடம், பழைய கிணறு இவையும் சான்றுதான். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும் என்பதால் அவரைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் காட்டைச் சுற்றி வந்து, எந்த இடத்துக்கு என்ன பெயர் என்று வரைபடம் போட்டுவிடுங்கள்.

சபை அனுப்பிய கோரிக்கையை உட்கோட்டக் குழு மறுத்தால் 60 நாளுக்குள் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவிடம் போகலாம். மறுப்பை வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு வராதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.