எட்டு பெரிதா, நான்கு பெரிதா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. கட்டங்களுக்கு வண்ணம் தீட்டி அரை, கால் எல்லாம் சரியாகக் காட்டுகிறாள். ஆனால் 1/4, 1/8 இரண்டில் எது பெரியது என்றால், சட்டென்று 1/8 என்கிறாள்.

பதில்: பிறகு என்ன சொல்வாள்? இதுவரை எட்டு நான்கைவிடப் பெரியது என்றுதானே சொல்லிக்கொடுத்தோம்! வண்ணம் தீட்டும் படத்தில் பங்கு பிரிக்கும் வேலையை அச்சடித்தவரே முடித்துவிடுகிறார். குழந்தைக்கு எண்ணுவது மட்டுமே மிச்சம். நான் வகுப்பெடுத்த காலத்தில் அந்தத் தாள்களைக் கடைசியில்தான் வெளியே எடுப்பேன்.

24 செ.மீ. நீளத்தில் நான்கு காகிதப் பட்டைகள் வெட்டுங்கள். நீளம் பிசகினால் எல்லாம் பாழ். ஒன்று முழுசாகவே இருக்கட்டும். அடுத்ததை நுனியோடு நுனி சேர்த்து ஒருமுறை மடிக்கட்டும், மூன்றாவதை இருமுறை. நான்காவதை மூன்றுமுறை மடித்ததும், பிரிக்கும் முன்பே எத்தனை பங்கு இருக்கும் என்று கேளுங்கள். பல பிள்ளைகள் 'ஆறு' என்பார்கள். திருத்தாதீர்கள், அவளே பிரித்து எண்ணட்டும். பிறகு மடித்த ஒவ்வொரு பட்டையிலும் ஒரு பங்கை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொல்லுங்கள். பங்கு கூடக்கூடத் துண்டு சிறுத்துப்போவது கண்ணெதிரே தெரியும். எட்டில் ஒன்று இரண்டு சேர்ந்தால் கால் என்பதையும் பெரும்பாலும் அங்கேயே பிடித்துவிடுவார்கள்.

இன்னொரு நாள், செவ்வகத் தாளைக் குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை என்று பாதியாக்கச் சொல்லுங்கள். மூலைக்கு மூலை மடித்தால் ஓரங்கள் ஒட்டாது. 'இது பாதியே இல்லை' என்று சண்டைக்கு வருவாள். வரட்டும். மடிப்பில் வெட்டி, ஒரு முக்கோணத்தை அரைச்சுற்று திருப்பி மற்றதன்மேல் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும்.

கேள்வி: வட்டத்தை மூன்று சம பங்காக்க என் பையனுக்கு வரவே இல்லை.

பதில்: வட்டத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சம அகலத்தில் இரண்டு நேர்க்கோடுகள் போட்டால் நடுப்பங்கு பெரிதாகிவிடும், அதில்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். அதே 24 செ.மீ. பட்டையில் 8, 16 செ.மீ. இடங்களில் புள்ளி வைத்து மடிக்கட்டும்.

கேள்வி: மேலே தொகுதி, கீழே பகுதி, நடுவில் கோடு என்று பின்னத்தை எப்போது எழுதிக் காட்டலாம்?

பதில்: அவசரமே வேண்டாம். நடுக்கோடு பிற்காலத்துச் சங்கதி. பழைய இந்தியக் கணித ஏடுகளில் மேலே ஓர் எண், கீழே ஓர் எண், அவ்வளவுதான். முதலில் கால் துண்டுகளை வரிசையாக வைத்து 'ஒரு கால், இரண்டு கால், மூன்று கால்' என்று வாய்விட்டு எண்ணட்டும். நான்கோடு நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாவது துண்டையும் கையில் கொடுங்கள். பின்னம் என்றாலே ஒன்றுக்குள் அடங்கியது என்ற எண்ணம் முளைக்கவே வேண்டாம்.