பாலக்காட்டு ஸ்விஃப்ட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்

பொள்ளாச்சிக்காரர் நீங்கள், பாலக்காட்டில் 2016 மாடல் ஸ்விஃப்ட் கார் மலிவாக வருகிறது, பாடியை எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தைத் தாண்டிய கேரள வண்டி என்றால் எனக்கு முதல் சந்தேகம் தண்ணீர்தான். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடியில் சேற்றுக் கறை தெரிந்தால் பேச்சே வேண்டாம். பெல்ட் லேபிளில் இருக்கும் வருடம் வண்டியைவிடப் புதிதா? ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் கதவு ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சின்னச் சின்ன வட்டக் குழிகளாக வரிசையாக இருக்கும். அங்கே வழவழவென்று இருந்தால், அடிபட்ட இடத்தை மறைக்கப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசியிருக்கிறார்கள். நான் பளபளப்பில் மயங்கி இதைப் பார்க்காமல் விட்டு, பிறகு டிங்கரிங்குக்கு அழுதவன். சேஸிஸ் நம்பரை ஆர்சியோடு ஒப்பிட்டுவிட்டு, உங்கள் மெக்கானிக்கையே கூட்டிப்போய் ராம்ப்பில் ஏற்றுங்கள். விற்பவர் காட்டும் ஒர்க்‌ஷாப் வேண்டாம். என்ஓசி (வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவையான தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு ரோடு டாக்ஸ் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.