சாவியைத் திருப்பினால் 'டிக்' மட்டும்தான்!

கேள்வி: அமெரிக்காவில், மிச்சிகனில் இருக்கிறேன். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி குளிர்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்தது. இப்போது சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என்ன செய்யலாம்?

பதில்: பயப்படாதீர்கள், அந்த 'டிக்' நல்ல அறிகுறி. சீட், பிரேக், பிளேடு இவற்றின் பாதுகாப்பு ஸ்விட்சுகளில் கோளாறு என்றால் பெரும்பாலும் சத்தமே வராது. அதனால் முதல் சந்தேகம் பேட்டரிமேல்தான், பல மாதம் சும்மா கிடந்தால் சார்ஜ் தானாகவே இறங்கிவிடும். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள், ஆனால் இது சின்ன பேட்டரி, குறைந்த ஆம்பியரில் மெதுவாக ஏற்றுவதுதான் நல்லது. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால், மைனஸ் வயரை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் தேய்த்துத் துடைத்து, மாட்டும்போது மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள். இத்தனைக்குப் பிறகும் 'டிக்' மட்டும்தான் என்றால் சோலனாய்டை, அதாவது பேட்டரி மின்சாரத்தை ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அனுப்பும் ஸ்விட்சை, சோதிக்க வேண்டும்.

இன்ஜின் சுற்றியும் பற்றவில்லையா? போன வருஷப் பெட்ரோலாக இருக்கும், வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். அப்புறம், பிளேடு பக்கம் கை வைக்கும் முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.