ஆர்க்கெஸ்ட்ராவும் பாடகர் குழுவும் சேர்ந்த கிறிஸ்துமஸ் ஆல்பம் ஒன்றைக் கேட்க வேண்டும் என்றால் எதைச் சொல்வீர்கள்?

மைக்கேல் டபிள்யூ. ஸ்மித் 1989-இல் வெளியிட்ட ‘கிறிஸ்துமஸ்’. ஆல்பத்தின் பெயரே அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கிறிஸ்தவன் அல்ல. கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்களுக்கு மைக் செட் தொழில். அப்பா காலத்தில் கூம்பு ஸ்பீக்கர், என் காலத்தில் பாக்ஸ். மாரியம்மன் நோம்பி, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் எங்கள் வண்டி போகும். எந்தப் பாட்டானாலும் எங்கே கீச்சிடும், எங்கே பிசிறடிக்கும் என்றுதான் என் காது முதலில் தேடும். இந்தப் பதிலும் அப்படித்தான் இருக்கும்.

2011 டிசம்பரில் சத்தியமங்கலம் பக்கம் ஒரு சர்ச்சில் கேரல் சர்வீஸ், அதாவது கிறிஸ்துமஸ் பாட்டு வழிபாடு. கொயரை (பாடகர் குழுவை) நடத்தியவர் ஓய்வுபெற்ற வாத்தியார். போனில், “இந்த வருசம் கொயர் ஆர்க்கெஸ்ட்ராவோட பாடுதுங்க தம்பி, செட்டு நல்லா இருக்கோணும்” என்றார். எங்கள் ஊரில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் நோம்பிக்கு வருகிற பாட்டுக் கச்சேரி. கீபோர்டு, ரிதம் பேட், தபலா, ஜிகினா சட்டை போட்ட பாடகர். அதற்குத் தகுந்த மாதிரி நாலு பெரிய பேஸ் பாக்ஸை ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். அங்கே பேடும் இல்லை, தபலாவும் இல்லை. இருபது பேர் கையில் நோட்டுடன் வரிசையாக நிற்கிறார்கள். ஆர்க்கெஸ்ட்ரா ஒரு சி.டி.யில் இருந்தது! பாட்டின் இசையை மட்டும் பதிந்த சி.டி. “மொதல்ல ஒரிஜினலைக் கேளுங்க” என்று இன்னொன்றையும் கொடுத்தார். அதுதான் இந்த ஆல்பம். அவர்கள் எடுத்துக்கொண்ட பாட்டு ‘ஆல் இஸ் வெல்’.

ஒத்திகையில் சி.டி.யைப் போட்டேன். சரியாகக் கேட்கவில்லை. மெதுவாக, தூரத்து வீட்டில் யாரோ பாடுகிற மாதிரி ஆரம்பிக்கிறது. ஒயரில்தான் கோளாறு என்று நினைத்து வால்யூமைத் தூக்கினேன். கேட்டது. அப்படியே விட்டுவிட்டு ஒயர் சுருட்டப் போனேன். கொஞ்ச நேரத்தில் மொத்தக் கொயரும் ஆர்க்கெஸ்ட்ராவும் ஒன்றாக எழுந்ததில் ஆம்ப் சிவப்பு விளக்கைக் காட்டியது, பாக்ஸ் கரகரவென்றது, முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாட்டி காதைப் பொத்திக்கொண்டார்.

விழா அன்று உஷாராக இருந்தேன். மெதுவான இடத்தில் ஏற்றினேன், சத்தமான இடத்தில் இறக்கினேன். பாட்டு முழுக்க ஒரே மட்டம், ஒரு கீச்சுகூட இல்லை. எனக்கு ஏக திருப்தி. முடிந்ததும் வாத்தியார் வந்தார். “நாங்க ஏத்தறத நீங்க எறக்கறீங்களே தம்பி” என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அன்றைக்கு ராத்திரி வண்டியில் திரும்பி வரும்போது அந்த ஆல்பத்தை மறுபடி போட்டேன். விஷயம் இதுதான். நாம் வழக்கமாகக் கேட்கிற சினிமாப் பாட்டில் மெல்லிய இடத்துக்கும் சத்தமான இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பதிவிலேயே சுருக்கிவிடுவார்கள். பஸ்ஸிலும் டீக்கடையிலும் கேட்க வேண்டுமே. நிஜ ஆர்க்கெஸ்ட்ராவில் அந்தத் தூரம் பெரியது. சாதாரண கேசட் ஏறக்குறைய 50, 60 டெசிபல் அளவுக்குத்தான் அதைத் தாங்கும், அதற்குக் கீழே டேப்பின் இரைச்சல் வந்துவிடும். சி.டி. 96 டெசிபல் வரை தாங்கும். இந்த ஆல்பம் அந்த இடத்தை நன்றாகப் பயன்படுத்துகிறது. ‘ஆல் இஸ் வெல்’ ஒரு தாலாட்டு அளவில் தொடங்கி, அடுக்கடுக்காக ஆள் சேர்ந்து, உச்சிக்குப் போகிறது. அந்த ஏற்றத்தைத் தட்டையாக்கிவிட்டால் வெறும் இனிப்பான மெட்டு ஒன்றுதான் மிஞ்சும். நான் செய்தது அதைத்தான்.

ஸ்மித் அடிப்படையில் பாப் பாடகர், கீபோர்டு வாசிக்கிறவர். ஏமி கிராண்ட் என்ற பாடகிக்கு வாசித்துக்கொண்டிருந்து, 1983-இல் சொந்த ஆல்பம் போட்டார். அப்படிப்பட்டவர் கிறிஸ்துமஸ் ஆல்பம் போட்டால் எல்லாருக்கும் தெரிந்த பத்து கேரலை எடுத்து, தன் குரலை முன்னால் வைத்து, பின்னால் வயலினைத் தடவிவிடுவார் என்றுதான் எதிர்பார்ப்போம். இதில் அப்படி இல்லை. பழைய கேரல்கள் உண்டு, ஆனால் புதிதாக எழுதிய பாட்டுகள்தான் ஆல்பத்தைத் தாங்குகின்றன. ஒன்றுக்கு லத்தீனில் ‘லக்ஸ் வேனிட்’ என்று பெயர், ஒளி வந்தது என்று பொருள். பெரியவர்களின் கொயரோடு சிறுவர் குரல்களும் வருகின்றன. அட்டையில் பெயர் போட்டவர் பல இடங்களில் ஒதுங்கி நின்று மற்றவர்களைப் பாட விடுகிறார். எனக்கு இந்த ஆல்பம் பிடித்ததற்கு அதுதான் முதல் காரணம். ஏமி கிராண்டும் ‘நோ ஐ ஹேட் சீன்’ பாட்டில் வருகிறார். ‘ஃபர்ஸ்ட் ஸ்னோஃபால்’ என்றும் ஒன்று உண்டு. பனிமழையைக் கண்ணால் பார்க்காத எனக்கு அதைக் கேட்கும்போது மார்கழிக் காலையில் பவானிசாகர் பக்கம் இறங்குகிற மூடுபனிதான் ஞாபகம் வரும்.

குறையும் சொல்ல வேண்டும். என் காதுக்கு எதிரொலி கொஞ்சம் தூக்கல். சில இடங்களில் கொயர் என்ன வார்த்தை பாடுகிறது என்று பிடிபடாது. 2014-இல் வந்த இவருடைய இன்னொரு கிறிஸ்துமஸ் ஆல்பத்தில் இதே ‘ஆல் இஸ் வெல்’ பாட்டை கேரி அண்டர்வுட் என்ற பாடகி பாடியிருக்கிறார். குரல் பிரமாதம். பலருக்கு அந்தப் பதிவுதான் பிடிக்கும். எனக்கு அது அந்தக் குரலுக்காகச் செய்த பாட்டு மாதிரி இருக்கிறது.

அப்புறம் வாத்தியாரும் நானும் பழக்கமாகிவிட்டோம். ஒருமுறை என்னை ஈரோட்டுக்குக் கூட்டிப்போய், பிரப் ரோட்டில் இருக்கும் சர்ச்சில் மைக் இல்லாமல் கொயர் கேட்க வைத்தார். (பிரப் என்பது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரியின் பெயர் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து ரோட்டின் பெயராக மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.) ஹேண்டல் என்ற இசையமைப்பாளர் 1741-இல் 24 நாளில் கொயருக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய ‘மெசையா’ பற்றியும் அவர்தான் சொன்னார். அதில் தேவதூதர்கள் பாடுகிற இடத்தில் ட்ரம்பெட் முதல்முறையாக வரும்போது, தூரத்திலிருந்து, கொஞ்சம் மெதுவாக வாசிக்க வேண்டும் என்று ஹேண்டல் கைப்பட எழுதி வைத்திருக்கிறாராம். பெரிய முரசோ ‘அல்லேலூயா’ என்ற பாட்டு வரும் வரை வாயே திறக்காது. மைக்கும் மிக்சரும் இல்லாத காலத்து வால்யூம் வேலை இது. எங்கள் தொழிலில் இப்படி யோசிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

சரி, கேட்கிற விதம். போனில் கேட்பதானால் எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருகிற வசதி செயலியில் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். ‘ஆல் இஸ் வெல்’ பாட்டின் உச்சத்துக்கு முதலில் தள்ளிப்போய், அங்கே காது தாங்குகிற அளவுக்கு வால்யூமை வையுங்கள். பிறகு ஆரம்பத்துக்கு வாருங்கள். மெதுவாகக் கேட்கும், கை வைக்காதீர்கள். இப்போது கேரல் சர்வீஸில் நானும் அப்படித்தான் வைக்கிறேன்.

டிசம்பர் முதல் வாரம் வாத்தியாரிடமிருந்து போன் வரும். தேதியைச் சொல்வதற்கு முன்னால், “அந்த நாலு பொட்டி வேண்டாமுங்க தம்பி” என்பார்.