படிவத்தில் இடமில்லாத பஸ்

அன்பின் அண்ணா,

அரசாங்கக் காசு எதற்குப் போகவேண்டும் என்று சனத்திடம் கேட்டுச் செய்யவேண்டும் என நீங்கள் போன மாதம் எழுதியிருந்ததை வாசித்தேன். நான் ஒரு அபிவிருத்தி உத்தியோகத்தர். கேட்பதுதான் என் வேலையே. ஒவ்வொரு வருடமும் கிராமம் கிராமமாகப் போய், பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்து, முன்னுரிமைப்படி ஐந்து தேவைகளை எழுதி எடுக்கிறோம். றோட்டு, மதகு, மண்டபத்துக்குக் கூரை, மைதானத்துக்கு மண், திரும்பவும் றோட்டு. இந்த முறை முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காய்ப் பக்கம் ஒரு கிராமத்தில் எல்லாம் முடிந்து கையெழுத்து வாங்கும் நேரம், பின்னுக்கு இருந்த ஒரு அம்மா எழும்பி, "பிள்ளை, கிளினிக் நாளிலை ஒரு பஸ் வந்தால் எனக்குக் காணும்" என்றார். எழுதப் பார்த்தேன், படிவத்தில் இடமில்லை. வேலையின் பெயர், நீளம், மதிப்பீட்டுத் தொகை, இவ்வளவுதான் கட்டங்கள். கடைசியில் அவருடைய வீட்டுப் பக்கம் போகிற றோட்டை எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். கந்தோரில் இதைச் சொன்னபோது, சனத்துக்கு என்ன கேட்கவேண்டும் என்று தெரியாது, நாங்கள்தான் தீர்மானிக்கவேண்டும் என்றார்கள். உண்மையாகவே தெரியாதா அண்ணா? சுகாதாரம், கல்வி, றோட்டு, நீர்ப்பாசனம் என்று வரிசையாகச் சொல்லி எதற்குக் கூடக் காசு வேண்டும் என்று உங்களிடம் கேட்டால் நீங்கள் எதைச் சொல்வீர்கள்?

(பெயர் போடவேண்டாம்.)

*

அன்பின் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். சாரதி, தாதி, கணக்கு வாத்தியார், டீசல், மருந்து. இதைத்தான் எழுதுவேன். துறையின் பெயர் எதுவாகவும் இருக்கட்டும், கட்டி முடித்த பிறகு அதை நாளாந்தம் நடத்துகிற காசு எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்வதில்லை. இதற்குப் பட்ஜெற்றில் மீண்டெழும் செலவு என்று பெயர். சம்பளம், எரிபொருள், பராமரிப்பு எல்லாம் இதற்குள்தான். கொழும்பில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது குறைக்கவேண்டிய செலவாகத் தெரிகிறது. வன்னியில் அதில் கைவைத்தால் ஒரு கிழவி கிளினிக்குக்குப் போகாமல் விடுகிறார்.

கந்தோரில் சொன்னதை நான் ஏற்கமாட்டேன். அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறதே. நாள் முதற்கொண்டு சொல்லியிருக்கிறார். உங்கள் ஐந்து முன்னுரிமைகளில் ஒன்றுகூட அவ்வளவு துல்லியமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். மற்றவர்கள் றோட்டு என்று சொன்னதும் பொய்யில்லை, மழைக்கு மோட்டார் சைக்கிள் புதைகிற றோட்டுகள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் எங்கள் சனம் கேட்டுப் பழகிய விதத்தையும் பார்க்கவேண்டும். 2009க்குப் பிறகு முகாமில் இருந்து வந்து காணிக்குள் தறப்பாள் கட்டி இருந்தபோது, வந்தவர்கள் எல்லோரும் வீடு வேண்டுமா, கிணறு வேண்டுமா, மலசலகூடம் வேண்டுமா என்று கேட்டார்கள். அந்த நேரம் அதுதான் சரி. பிறகும் கேள்வி மாறவில்லை. சீமெந்தில் கட்டக்கூடியதைக் கேட்டால் எப்போதாவது வரும், மற்றதைக் கேட்டால் "பார்ப்பம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவார்கள் என்பது சனத்துக்கு இப்போது பாடம். அதனால்தான் முன்வரிசையில் இருக்கிறவர்கள் றோட்டு என்கிறார்கள். அந்த அம்மாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை, மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார்.

ஒன்று சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முதல் அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்து கையை ஊன்றிவிட்டார். மணிக்கட்டு வீங்கி நீலம் பாய்ந்துவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். புதுக் கட்டிடம், தரைக்கு மாபிள், சுவரில் பெயர்க்கல், உள்ளே ஒரு கதவில் எக்ஸ்றே என்று மூன்று மொழியிலும் பலகை. கதவு பூட்டியிருந்தது. பூட்டுக்கு மேல் தூசு. தாதிப் பிள்ளை பாவம், தான் செய்த பிழை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு, "மிசின் இருக்குது ஐயா, எடுக்கிற ஆள் மாற்றலாகிப் போட்டார், பதிலுக்கு ஒருத்தரும் வரேல்லை" என்றது. ஒரு கடதாசி மட்டையை மடித்துக் கைக்குக் கீழே வைத்துக் கட்டிவிட்டது. அங்கிருந்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போனோம். அப்பா அந்தக் கையை மடியில் வைத்து மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, வழி முழுக்க ஒன்றும் கதைக்காமல் வந்தார். றோட்டு நல்ல காப்பெற் றோட்டு, குலுக்கவில்லை. அதற்காக அன்றைக்கு நான் உண்மையாகவே நன்றியோடு இருந்தேன், அந்த றோட்டும் எங்கேயோ ஒரு கூட்டத்தில் யாரோ கேட்டு வந்ததுதானே. ஆனால் அந்த அறைக்குள் ஒரு ஆள் இருந்திருந்தால் அந்தப் பயணமே தேவைப்பட்டிருக்காது.

பாடசாலையிலும் இதுதான். அதிகஷ்டப் பிரதேசம் என்று பெயர் வைத்துவிட்டார்கள், இரண்டு மாடிக் கட்டிடம் எழும்பிவிட்டது, உயர்தரத்துக்குக் கணிதமும் பௌதிகவியலும் படிப்பிக்க ஆள் நிற்பதில்லை. வருகிற ஆசிரியர் யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்ஸில் வந்து போகிறார், இடமாற்றம் கிடைத்ததும் போய்விடுகிறார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். தங்க ஒழுங்கான விடுதி இல்லை, கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு பஸ் காசுக்கே காணாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ ரியூசனுக்குப் போகும். மற்றப் பிள்ளை கலைப்பிரிவை எடுக்கும், விருப்பம் அதில்தான் என்று எங்களுக்கும் சொல்லும்.

பஸ்ஸுக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உயிரான இடம் அதுதான். முல்லைத்தீவுக்கு ரயில் கிடையாது. கிளிநொச்சிக்கு 2013இல் ரயில் திரும்பி வந்தது, அது ஏ9 வீதி ஓரத்துச் சனத்துக்கு. மல்லாவி, பாண்டியன்குளம், முத்தையன்கட்டு, நெடுங்கேணிப் பக்கத்து உள்கிராமங்களுக்கு பஸ் வந்தால்தான் ஆஸ்பத்திரி, பஸ் வந்தால்தான் பாடசாலை, பஸ் வந்தால்தான் பிரதேச செயலகம். அதாவது சுகாதாரத்துக்குப் போட்ட காசும் கல்விக்குப் போட்ட காசும் அந்த பஸ்ஸின் படியில்தான் நிற்கிறது. பின்னேரம் ஒரு சந்தியில் நின்று பாருங்கள். வெள்ளைச் சட்டையோடு பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள் சீசன் ரிக்கற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், வருகிற பஸ் பிள்ளைகளைக் கண்டதும் கொஞ்சம் தள்ளிப்போய் ஒரு ஆளை இறக்கிவிட்டு அப்படியே போய்விடும். பிள்ளைகள் ஓடுவார்கள். ஓடி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி நடந்து வருவார்கள். இருட்டுப்படத் தொடங்கினால் அண்ணனோ மாமாவோ மோட்டார் சைக்கிளில் வருவார், யாரும் வர வழியில்லாத வீட்டில் அடுத்த தவணையோடு படிப்பு நின்றுவிடும். லாபம் இல்லாத வழித்தடம் என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். சரி, லாபம் இல்லைத்தான். அதற்குத்தானே அரசாங்கம் வேண்டும்? பாடசாலைப் பிள்ளைகளுக்கு சிசு செரிய என்று மானியம் கொடுத்து ஓடுகிற பஸ் சேவை ஏற்கனவே இருக்கிறது. அதைக் கூட்டச் சொல்லிக் கேட்கலாம், கிளினிக் நாளுக்கும் அப்படி ஒன்று கேட்கலாம். வவுனியாவின் உள்கிராமங்களில் சிறுநீரக நோயோடு இருக்கிறவர்களை யோசியுங்கள், குருதிச் சுத்திகரிப்புக்குப் போகிற ஒருவர் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போய்வரவேண்டும். மருந்து இலவசம், மெசின் இலவசம். ஓட்டோவுக்கு யார் கொடுப்பது?

1990 என்ற நம்பருக்கு அடித்தால் வருகிற இலவச அம்புலன்ஸை நினைத்துப் பாருங்கள். 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. அதற்கு முதல் விஷ ஜந்து கடித்த ஆளை லான்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் கிடத்திக் கொண்டு போனவர்கள் நாங்கள். இன்றைக்கு நம்பரை அடித்தால் ஆட்களோடு வண்டி வருகிறது, காசு கேட்பதில்லை. எந்தக் கிராமத்திலும் அதைப் பற்றிக் கேளுங்கள், முகம் மலரும். அந்தச் சேவைக்குக் கிராமத்தில் ஒரு கட்டிடமும் இல்லை. ஓடுகிற வண்டியும் அதற்குள் இருக்கிற இரண்டு பேரும்தான் அது.

சரி, காசு எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் வடக்கின் கிராமிய றோட்டுகளுக்கும் பாலங்களுக்கும் 5,000 மில்லியன் ரூபாயும், வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியனும் என்று சொன்னார்கள். வட்டுவாகலுக்கு நான் மறுப்புச் சொல்லமாட்டேன். 2009 மே மாதம் அந்த ஒடுங்கிய பாலத்தால் வந்தவர்கள், மாரியில் தண்ணீர் மேவிப் பாய்கிறபோது பிறகும் அதே பாலத்தால்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வந்தார்கள், அது கட்டியே ஆகவேண்டியது. ஆனால் அதே வருடம் பாதுகாப்பு அமைச்சுக்கு 442 பில்லியன். அப்போது போர் முடிந்து 16 வருடம். அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கை எடுத்து உள்கிராம பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரி ஆளணிக்கும் போடவேண்டும் என்பது என் கருத்து, இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன். வரி கட்டுகிறவர்களுக்குத்தான் முன்னுரிமை கேட்கும் உரிமை என்று யாராவது சொன்னால், 2024 ஜனவரியில் இருந்து வற் என்கிற பெறுமதி சேர் வரி 18 வீதம் என்று சொல்லுங்கள். அந்த அம்மா சவர்க்காரம் வாங்கும்போதும் மகனோடு கதைக்க ரீலோட் போடும்போதும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

காசு திரும்பிப் போகிற கதையும் உங்களுக்குத் தெரியும். நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. ஒதுக்கீடு வந்து, மதிப்பீடு போட்டு, கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தகாரர் கல்லும் கிரவலும் பறிக்கிறபோது ஐப்பசி வந்துவிடும். எங்களுக்கு மாரி அப்போதுதான் தொடங்குகிறது. மழைக்குள் றோட்டுப் போட முடியாது, போட்டால் நிற்காது, போடாவிட்டால் காசு திறைசேரிக்குப் போய்விடும். எங்கள் காலநிலையைத் தெரிந்தவர்கள் தை மாதத்திலேயே வேலையைத் தொடங்க வழி செய்திருப்பார்கள். இது சனம் சொல்லாத விஷயமில்லை, எந்தக் கமக்காரனும் சொல்வான்.

கமக்காரன் என்றதும், கோடையில் செய்கிற சிறுபோக நெல்லுக்குக் குளத்துத் தண்ணீரைப் பங்கிடுகிற கூட்டம் ஞாபகம் வருகிறது. உங்கள் கந்தோருக்கு நான் சொல்லக்கூடிய பதில் அதுதான். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் 36 அடிக்குத் தண்ணீர் பிடிக்கலாம். மாரி முடிந்து எத்தனை அடி நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், மறைக்க முடியாது, அணைக்கட்டில் நின்றாலே தெரியும். அரசாங்க அதிபர், பொறியியலாளர், கமக்கார அமைப்புகள் எல்லோரும் இருந்து இவ்வளவு தண்ணீருக்கு இவ்வளவு ஏக்கர் என்று தீர்மானிக்கிறார்கள். சத்தம் வரும், சண்டை வரும், வாய்க்கால் வாலில் இருக்கிறவன் எழும்பிப் போன போகம் தனக்குத் தண்ணீர் வரவில்லை என்று கத்துவான். ஆனால் தண்ணீர் காணாத வருடத்தில் இருக்கிற நிலத்தைப் பங்கிட்டுச் செய்கிறதற்கு அந்தச் சனம்தான் ஒத்துக்கொள்கிறது. ஏன்? குளத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. உங்கள் முன்னுரிமைக் கூட்டத்தில் எவ்வளவு காசு இருக்கிறது என்று யாராவது சொல்கிறார்களா? எங்கள் கிராமத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. அளவு தெரியாதவன் ஐந்தையும் கேட்பான். இந்தப் பிரதேசத்துக்கு இந்த வருடம் இவ்வளவு, ஒரு கிலோமீற்றர் காப்பெற் போட இவ்வளவு, கிளினிக் நாளில் பஸ் ஓட வருடத்துக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டுக் கேட்டுப் பாருங்கள், முன்வரிசையும் வேறு மாதிரிக் கதைக்கும்.

இன்னொரு சிக்கலையும் சொல்லவேண்டும். பாடசாலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் பெரும்பகுதி மாகாணத்துக்குக் கீழேதான் வருகின்றன. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, பிறகு தேர்தல் இல்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நடத்துகிறார்கள். எக்ஸ்றே எடுக்கிற ஆள் இல்லை என்று நான் போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்க எனக்கு ஒரு மாகாண சபை உறுப்பினர் இல்லை. 2025 மே மாதத் தேர்தலோடு பிரதேச சபைகளாவது திரும்ப வந்திருக்கின்றன, ஆனால் தாதியும் ஆசிரியரும் அவர்கள் கையில் இல்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியது. படிவத்தை மாற்றுகிற அதிகாரம் உங்களிடம் இல்லை, எனக்கு விளங்குகிறது. அதன் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கும், கட்டத்துக்குள் அடங்காததை எல்லாம் அங்கே திகதியோடு எழுதுங்கள், சொன்னவரின் சொல்லிலேயே எழுதுங்கள். அந்த அம்மாவின் விஷயத்துக்கு நல்ல இடம் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச) சாலைக்காரரையும் ஆஸ்பத்திரிக்காரரையும் ஒரே அறையில் இருத்திக் கதைக்கக்கூடியது அங்கேதான். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து ஒரு கடிதம் கொடுக்கட்டும். கிளினிக் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நம்பர் கொடுக்கிறார்கள், எத்தனை மணிக்கு முடிகிறது, அந்த வழியில் எத்தனை வீட்டில் கிளினிக் கொப்பி இருக்கிறது, இவ்வளவும் அதில் இருக்கவேண்டும். கொப்பிகளை வீடு வீடாக எண்ணுகிற வேலையை மாதர் சங்கத்துப் பிள்ளைகள் இரண்டு பின்னேரத்தில் முடிப்பார்கள். பஸ் புதிதாகக் கேட்கவேண்டியதில்லை, மல்லாவியோடு நிற்கிற ஒன்றை அந்த ஒரு நாள் மட்டும் காலையில் உள்ளே வந்து ஏற்றிக்கொண்டு போகவும், மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து விடவும் கேட்டுப் பாருங்கள்.

கடிதத்தை எழுதித் தரவேண்டும் என்றால் விபரத்தை மட்டும் அனுப்புங்கள், நான் எழுதி அனுப்புகிறேன். மாரி தொடங்குவதற்கு முதல் அனுப்பினால் நல்லது.

அன்புடன்,
அண்ணா