பிளஸ் டூ கணக்கு: இழை அறுந்த வரி எது?

அன்புள்ள அம்மா,

போன வாரம் குமாரபாளையத்திலிருந்து மகளையும் அவளுடைய ஐந்து கணக்கு நோட்டுகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். "பாப்பா இரவு பதினொரு மணி வரை படிக்கிறாள், திருப்புதல் தேர்வில் 90-க்கு 58தான் வருகிறது" என்று சொல்லும்போதே உங்கள் குரல் கம்மியது. நாமக்கல் பக்கம் விடுதியோடு இருக்கும் சிறப்பு வகுப்பில் சேர்த்துவிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். காரணத்தை விளக்க அன்று நேரம் போதவில்லை.

நோட்டுகளைப் புரட்டினேன். முத்து முத்தான கையெழுத்து, ஓர் அடித்தல்கூடக் கிடையாது. அதைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை வந்தது. தானாகப் போட்டுப் பார்த்த கணக்கில் அடித்தல் இல்லாமல் இருக்காது. பாப்பா தீர்வுகளைப் பார்த்து எழுதியிருக்கிறாள். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. அந்தப் புரிதலைத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறாள்.

உங்கள் எதிரிலேயே ஒன்று கேட்டேன், நினைவிருக்கும். y² = 4x, x² = 4y என்ற இரண்டு பரவளையங்களுக்கு இடைப்பட்ட பரப்பு எவ்வளவு என்றதும் 16/3 என்று சட்டென்று சொல்லிவிட்டாள். இரண்டாவது வளைவரையை எடுத்துவிட்டு y = 2x − 4 என்ற நேர்க்கோட்டைக் கொடுத்தேன். கடகடவென்று போட்டு 19/3 என்றாள். சரியான விடை 9. படம் வரையாமல் x = 1 முதல் 4 வரை தொகையிட்டதால், பரவளையத்தின் முனையை ஒட்டி 0 முதல் 1 வரை இருக்கும் 8/3 விட்டுப்போனது. தொகையிடல் அவளுக்கு நன்றாகவே வருகிறது. படம் வரையும் பழக்கம்தான் இல்லை. இதற்கு விடுதி எதற்கு?

தறியில் இழை அறுந்தால் நீங்கள் பாவு முழுவதையும் பிரிப்பதில்லை. தறியை நிறுத்தி, அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டுவிட்டு ஓட்டுகிறீர்கள். கணக்குக்கும் அதே வேலைதான். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் போடட்டும். நின்றுபோன வரியில் சிவப்புக் கோடு இழுக்கட்டும். பிறகு தீர்வைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடி, மிச்சத்தைத் தானே முடிக்கட்டும். ஏன் நின்றது என்பதை ஒரு சின்ன நோட்டில் ஒரே வரியில் எழுதிவைக்கட்டும்: "படம் வரையவில்லை", "குறியை மாற்ற மறந்தேன்". இரண்டு நாள் கழித்து அதே கணக்கு, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. பரீட்சைக்கு முந்தைய இரவு அந்தச் சின்ன நோட்டு ஒன்று போதும்.

இன்னொரு பழக்கம். ஒரு வாரம் முழுக்கக் கலப்பெண்கள், அடுத்த வாரம் முழுக்க வெக்டர் என்று படித்தால், எந்த முறையைக் கையாள்வது என்று யோசிக்கவே தேவையிருக்காது. வினாத்தாளில் எந்த அத்தியாயம் என்று போட்டிருக்க மாட்டார்கள். பன்னிரண்டு அத்தியாயங்களிலிருந்தும் கணக்குகளைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, தினமும் ஐந்து சீட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

"முக்கிய வினாக்கள்" என்று ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் தாள்களை நம்பி அத்தியாயங்களை விட்டுவிட வேண்டாம். இரண்டு மதிப்பெண் பகுதியிலும் மூன்று மதிப்பெண் பகுதியிலும் பத்துக்கு ஏழு எழுதினால் போதும் என்றாலும், 30-ஆவது, 40-ஆவது வினாக்கள் கட்டாயம். ஒரு மதிப்பெண் வினாக்கள் இருபது. அவற்றுக்கு அ, ஆ, இ, ஈ என்ற எழுத்தை மனப்பாடம் செய்வது வீண். மூன்று வரிசை அணி A-யின் அணிக்கோவை மதிப்பு 5 என்றால் 2A-க்கு 40. பாப்பா 10 என்று குறித்திருந்தாள். காரணம் தெரிந்தால் எண்ணை எப்படி மாற்றினாலும் விடை வரும்.

பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணக்குக்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. கட்-ஆஃப் சமமாக வந்தாலும் முதலில் கணக்கு மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி அவள் ஆசை என்பதால் இதைச் சொல்கிறேன், பயமுறுத்த அல்ல.

தறிச் சத்தத்தில் எப்படிப் படிப்பாள் என்று வருந்தினீர்கள். நீங்கள் வெளியே போன நேரத்தில் அவளிடம் கேட்டேன். "தறி நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும்" என்று சிரித்தாள். பெரியப்பா மகனின் மதிப்பெண்ணை எடுத்துப் பேசும்போதுதான் அவளுக்குக் கை ஓடவில்லை. அதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். "எத்தனை மணி நேரம் படித்தாய்?" என்பதற்குப் பதிலாக "இன்று எந்த இடத்தில் நின்றது?" என்று கேளுங்கள். பதில் உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, சொல்லச் சொல்ல அவளுக்குத் தெளியும். பத்தரைக்கு விளக்கை அணைத்துவிடுங்கள்.

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு ஒரு பழைய வினாத்தாளைக் கொடுத்து உட்கார வையுங்கள். முதல் பதினைந்து நிமிடம் வாசிப்புக்கும் விவரம் நிரப்பவும். பிறகு மூன்று மணி நேரம் எழுத்து. 90 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்பதால் ஐந்து மதிப்பெண் கணக்குக்குப் பத்து நிமிடம்தான். பத்து தாண்டினால் இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகட்டும். மூன்று ஞாயிறு முடிந்ததும் அந்த மூன்று விடைத்தாள்களோடு வாருங்கள். அடித்தல் திருத்தலோடு அப்படியே கொண்டு வரட்டும்.